உபரி நேரம்

நஸ்ரினின் பதிலி வேலைக்கு வந்த முதல் வாரத்தில் செய்த ஒரே காரியம், நார்வேக்காரர்களிடம் மன்னிப்புக் கேட்டதுதான். காலையில் கேட்டது, மதியம் கேட்டது, அவர்கள் கடையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பும் நேரத்திலும் ஒரு தடவை கேட்டது. வேலை ஒன்றுகூட முடியவில்லை.

எங்கள் கம்பெனியின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் வக்கீல் நோட்டீஸ் வரும், அதைப் படிக்க எனக்கு நேரமில்லை. பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கண்ணாடிக் கட்டடம், வெளியே சித்திரை, உள்ளே மார்கழி. அந்தச் சாலையில் உங்களுக்குப் பிடிக்காத எந்தக் கட்டடத்தை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஆறாவது மாடியில் நான் ஒரு சின்ன டீமுக்குத் தலைவி. பெயர் திலகவதி. என்னைச் சேர்த்து நாலே பேர். நார்வேயில் காரையும் ஆளையும் ஏற்றிக்கொண்டு கடலைக் கடக்கும் படகுகள் உண்டு. எந்தப் படகு எப்போது கிளம்பும், எதில் இடம் இருக்கிறது என்று சொல்லும் மென்பொருளைப் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. இங்கே அது மக்கர் செய்தால் அங்கே பனியில் கார்கள் வரிசை கட்டி நிற்கும். அங்கிருந்து வருகிற ஒவ்வொரு புகாருக்கும் டிக்கெட் என்று பெயர். டிக்கெட்டை முடிப்பதுதான் எங்கள் பிழைப்பு.

நஸ்ரின் பானு ஆம்பூர்க்காரி. டீமில் கெட்டிக்காரி அவள்தான், அதில் எனக்குப் பொறாமை கிடையாது. முதல் பிரசவத்துக்கு லீவு போட வேண்டிய நேரம் வந்தபோது, பிரசவத்தைவிட ரேட்டிங்கை நினைத்துத்தான் அவள் அதிகம் பயந்தாள். அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. வருடா வருடம் எங்களுக்கு ஏ, பி, சி, டி என்று போடுவார்கள். எல்லோரும் உயிரைக் கொடுத்து உழைத்திருந்தாலும் யாராவது சிலருக்கு டி விழுந்தே ஆக வேண்டும் என்பது கம்பெனியின் விதி. டி வாங்கியவர் அடுத்த வருடம் இருக்க மாட்டார். சரி, யாருக்குப் போடுவது? எதிரே உட்கார்ந்து சண்டை போடுகிறவனுக்குப் போட்டால் தலைவலி. ஆகவே லீவில் இருப்பவர்களாகப் பார்த்துப் போடுவார்கள். பிள்ளை பெறப் போனவள், காலை உடைத்துக்கொண்டு கிடப்பவன், அப்பாவை ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டு அலைகிறவன். இப்படி ஒரு வழக்கம் இருப்பதாக எந்தக் காகிதத்திலும் கிடையாது. ஆனால் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக்கூட ஒரு மாதத்தில் தெரிந்துவிடும்.

அந்தச் சமயத்தில்தான் பதிலித் திட்டம் வந்தது. எங்கள் பிரிவுக்குத் தலைவர் பத்ரி. அவரே மாடிக்கு வந்து எல்லோரையும் நிற்க வைத்து விளக்கினார்.

"இனிமே லீவுல போறவங்க யாரும் பயப்பட வேண்டாம். நீங்க வீட்ல ரெஸ்ட் எடுங்க, உங்க பதிலி இங்க வேலை பாக்கும். அது வாங்கற மார்க்கு உங்க மார்க்கு."

"அது எப்படி பத்ரி, நான் பாக்குற மாதிரியே பாக்கும்?" என்று நஸ்ரின் கேட்டாள்.

"ஏழு வருஷமா நீ எழுதின மெயில், சாட், மீட்டிங்ல பேசின பேச்சு, முடிச்ச டிக்கெட்டு, எல்லாம் நம்மகிட்ட இருக்கே. அதையெல்லாம் கம்ப்யூட்டருக்குக் கத்துக்குடுத்துத்தான் செய்யறோம். உன் குரல், உன் பேச்சு, உன் மூளை. குழந்தையை மட்டும் நீ பெத்துக்கணும்."

எல்லோரும் சிரித்தார்கள். நஸ்ரினும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனாலும் டி விழாது என்கிறார்களே, போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

பதிலி வந்தது. மீட்டிங்கில் நஸ்ரினின் முகத்தோடு வந்து உட்கார்ந்தது, நஸ்ரினின் குரலில் பேசியது. அவள் மெயில்களில் "கண்டிப்பாகச் செய்கிறேன்", "சிரமத்துக்கு வருந்துகிறேன்" என்ற இரண்டு வரிகள்தான் அதிகம் இருந்தன போலும். யார் எதைக் கேட்டாலும் கண்டிப்பாகச் செய்கிறேன் என்றது. மறுநாள் சிரமத்துக்கு வருந்துகிறேன் என்றது. கிறிஸ்துமஸ் கால அட்டவணை முழுவதையும் இரண்டே நாளில் மாற்றித் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டது.

இன்னொரு விஷயமும் செய்தது. மீட்டிங்கில் யாராவது ஏதாவது சொன்னால், "நீங்க சொல்றது சரிதான், ஆனா..." என்று ஆரம்பிக்கும். அப்புறம் பேசாது. எல்லோரும் காத்திருப்போம். திரையில் அந்த முகம் அரை வாயைத் திறந்தபடி நிற்கும்.

"ஏதோ கோளாறு" என்றேன்.

"கோளாறு இல்லைக்கா" என்றான் ஜெயசீலன். "நான் பழைய ரெக்கார்டிங் எல்லாம் போட்டுப் பாத்தேன். நஸ்ரின் அக்கா 'ஆனா'ன்னு சொன்னதும் ஒவ்வொரு தடவையும் யாராவது குறுக்க பூந்து பேசிடுறாங்க. அவங்க ஒரு நாளும் முடிச்சதே இல்ல. அதான் பாவம், இதுக்கும் அதுக்கு மேல தெரியல."

குறுக்கே புகுந்தவர்களில் நானும் இருந்திருப்பேன்.

ஜெயசீலன் தூத்துக்குடிப் பக்கம் நாசரேத்துக்காரன், டீமில் இளையவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒன்றும் தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தவனைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தது நஸ்ரின். நாலாவது ஆள் கோமதிநாயகம் சார். தலை நரைத்தவர், இந்தத் தொழிலில் பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்துவிட்டு எதையும் நம்பாமல் இருப்பவர். நாங்கள் மூவரும் கேன்டீனில் உட்கார்ந்து பேசினோம்.

"இதை இப்படியே விட்டா நஸ்ரினுக்கு டி நிச்சயம்" என்றேன். "பிள்ளையைக் கையில வச்சுக்கிட்டு வேலை தேடுவா."

"விட வேண்டாம்கா. திருத்துற ஸ்கிரீன் இருக்குல்ல? அதுல பாத்துக்கலாம்" என்றான் ஜெயசீலன்.

பதிலி தப்புச் செய்தால் கூட வேலை பார்ப்பவர்கள் உள்ளே போய்த் திருத்தலாம், திருத்தத் திருத்த அது கற்றுக்கொள்ளும் என்று ஒரு வசதி வைத்திருந்தார்கள். அது கற்றுக்கொண்டது ஒன்றுமில்லை. ஆனால் நாங்கள் திருத்தி முடிக்கிற டிக்கெட் பதிலியின் கணக்கில் ஏறும். அதாவது நஸ்ரினின் கணக்கில்.

"செய்யலாம்" என்றார் கோமதிநாயகம் சார், டீயை ஆற்றிக்கொண்டே. "ரொம்ப நல்லா மட்டும் செஞ்சிடாதீங்க. இந்த இடத்துக்கு அது ஆகாது."

நாங்கள் கேட்டால்தானே. ஆறு மாதம் அந்தப் பதிலியைத் தோளில் தூக்கிச் சுமந்தோம். நான் முடிந்ததைச் செய்தேன், கோமதிநாயகம் சார் முணுமுணுத்துக்கொண்டே செய்தார், ஜெயசீலன் வெறி பிடித்தவனைப் போலச் செய்தான். கம்பெனியின் முதல் வண்டியில் வந்து கடைசி வண்டியில் போனான். தன் டிக்கெட்டை முடித்துவிட்டு அதன் டிக்கெட்டைப் பார்த்தான். சனிக்கிழமை வந்தான். ஊரில் பெண் பார்த்து நிச்சயம் செய்தபோது ஒரே ஒரு நாள் போய்விட்டு மறுநாள் காலையில் பஸ்ஸிலிருந்து நேரே ஆபீசுக்கு வந்தான். மே மாதம் கல்யாணம்.

பலன் என்னவென்றால், கேன்டீன் திரையில் மாதத்தின் நட்சத்திரம் என்று நஸ்ரினின் முகத்தைப் போட்டார்கள். கீழே சின்னதாகப் பதிலி என்று எழுதியிருந்தது. எங்களுக்கு ஒரே பெருமை. படம் எடுத்து ஆம்பூருக்கு அனுப்பினோம். மடியில் பெண் குழந்தையோடு நஸ்ரின் பதிலுக்கு ஒரு படம் அனுப்பினாள்.

லீவு முடிந்து அவள் திரும்பி வந்த பிறகுதான் நாங்கள் செய்து வைத்திருந்த காரியம் எங்களுக்கே புரிந்தது.

காலையில் அவள் கம்ப்யூட்டரைத் திறந்தால் முதலில் ஒரு செய்தி வரும். உங்கள் செயல்திறன் கடந்த ஆறு மாதத்தைவிடக் குறைந்திருக்கிறது, அக்கறை எடுத்துக்கொள்ளவும். மறுநாள் இன்னும் குறைந்திருக்கும். அவளை ஒப்பிட்டது வேறு யாரோடும் அல்ல, அவளோடுதான். அவள் பெயரில் மூன்று பேர் சேர்ந்து பார்த்த வேலையோடு. அவளோ பாலூட்டும் அம்மா. பால் எடுப்பதற்காகத் தாய்மார் அறைக்குப் போய் வருவாள். கதவில் அட்டையைக் காட்டினால்தான் அறை திறக்கும். அந்த நேரமும் கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் பெண்கள் கழிவறையில் முகத்தைக் கழுவிக்கொண்டு நின்றாள். கண் சிவந்திருந்தது.

"என் மூளை மழுங்கிப் போச்சாக்கா? பிள்ளை பெத்தா இப்படி ஆகுமா? நான் இல்லாதப்போ அது அவ்வளவு நல்லா பாத்திருக்கு. அது எழுதின பதிலை எல்லாம் ராத்திரி உக்காந்து படிக்கிறேன், என்னை விடத் தெளிவா இருக்கு."

அதற்கு மேல் தாங்கவில்லை எனக்கு. அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள் கடைசியில் அழுதுகொண்டே சிரித்தாள்.

"யாருக்கா உங்களை அவ்வளவு நல்லா பாக்கச் சொன்னது? சுமாரா பாத்திருக்கக் கூடாதா?"

"உனக்கு டி விழக் கூடாதுன்னுதான்டி."

"இப்ப விழப் போகுதே."

விழத்தான் போகிறது. ரேட்டிங் மீட்டிங்குக்கு இரண்டு வாரம் இருந்தது. நஸ்ரினின் வேலைக்கு நானே உலை வைத்திருக்கிறேன் என்றால் நானே அதைக் காப்பாற்றியாக வேண்டும். நடந்ததை மீட்டிங்கில் உடைத்துச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். கோமதிநாயகம் சாரிடம் சொன்னபோது அவர் முகம் சுருங்கியது.

"வேற ஏதாவது சொல்லுங்க மேடம். அந்தப் பொண்ணுக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லுங்க, நார்வேக்காரன் சரியில்லன்னு சொல்லுங்க. நடந்ததை மட்டும் சொல்லாதீங்க."

"ஏன் சார்? உண்மைதானே அது?"

"இங்க உண்மையைச் சொன்னா அதுக்கும் ஒரு டிக்கெட் போட்டு யார் பேர்லயாவது ஒட்டிடுவாங்க."

வயதானால் இப்படித்தான் பயம் வரும் என்று நினைத்துக்கொண்டேன்.

ரேட்டிங் மீட்டிங் என்பது எங்கள் பிரிவின் டீம் தலைவர்கள் எல்லோரும் ஓர் அறையில் அடைந்து, யார் தலையில் டி விழ வேண்டும் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்காரும் சடங்கு. சமோசா கொடுப்பார்கள். பத்ரி ஒவ்வொரு பெயராகத் திரையில் போட்டுக்கொண்டே வந்தார். நஸ்ரினின் முறை வந்தது. அவள் செயல்திறனைக் காட்டும் கோடு ஆறு மாதம் ஏறிக்கொண்டே போய்ப் பிறகு தொப்பென்று விழுந்திருந்தது.

"இதுல பேச எதுவும் இல்லையே" என்றார் பத்ரி. "டி."

"பேச இருக்கு" என்று எழுந்தேன். "அந்த ஏத்தம் பொய். பதிலி ஒரு டிக்கெட் கூட முடிக்கல. முடிச்சது நாங்க மூணு பேர்."

ஒருவர் சமோசாவைக் கடித்த சத்தம் கேட்டது. நான் நிறுத்தவில்லை. மன்னிப்புக் கேட்ட கதை, கிறிஸ்துமஸ் அட்டவணை, திருத்தும் திரை, எல்லாவற்றையும் கொட்டினேன். இத்தோடு என் வேலையும் போயிற்று என்றுதான் நினைத்தேன்.

அப்போது எதிர் வரிசையிலிருந்து ஸ்டெல்லா கையைத் தூக்கினாள். விமான நிலையங்களுக்கு வேலை பார்க்கும் டீமின் தலைவி அவள்.

"எங்க டீம்லயும் அப்படித்தான் பத்ரி. சுகுமாருக்கு ஆக்சிடென்ட் ஆச்சுல்ல, அவன் பதிலிக்கு நாங்கதான் வேலை பாத்தோம். அது எல்லாருக்கும் குட் மார்னிங் மட்டும்தான் சொல்லிட்டு இருந்துச்சு."

அவளுக்குப் பக்கத்தில் இருந்தவர் தொண்டையைச் செருமினார். அவர் டீமிலும் அதேதான். அப்புறம் இன்னொருவர். கடைசியில் பார்த்தால் அந்தத் தளத்தில் ஒரு பதிலிகூட ஒரு வேலையும் செய்ததில்லை. லீவில் போனவர்களுக்கு டி விழக் கூடாது என்று எல்லா டீமிலும் மிச்சமிருந்தவர்கள் வாயைத் திறக்காமல் இழுத்துப் போட்டுச் செய்திருக்கிறார்கள். ஒரு டீம் செய்தது இன்னொரு டீமுக்குத் தெரியாது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருடம் திட்டிக்கொண்டே இருந்த கட்டடத்துக்குள் இவ்வளவு நல்லவர்கள் இருந்திருக்கிறார்களே என்று இருந்தது.

பத்ரி கோபப்படவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இன்ட்ரெஸ்டிங். உங்க டீம்ல யார் அதிகமா செஞ்சது திலகா?"

"ஜெயசீலன்தான்" என்றேன். எனக்குள் பெருமை பொங்கியது. "தன் வேலையில ஒண்ணு குறை வைக்கல. அதுக்கு மேல பதிலி வேலையில பாதிக்கு மேல அவன் ஒருத்தன் முடிச்சான். யார் எதைத் திருத்தினாங்கன்னு லாக்ல பதிவாகியிருக்கும், வேணும்னா பாருங்க. அந்த மாதிரி பையன் கிடைக்க மாட்டான் பத்ரி."

"முழுப் பேர் என்ன?"

"ஜெயசீலன் செல்லத்துரை."

குறித்துக்கொண்டார். ஸ்டெல்லாவிடமும் கேட்டார், மற்றவர்களிடமும் கேட்டார். எல்லோரும் அவரவர் டீமில் அதிகம் உழைத்தவரின் பெயரைப் போட்டி போட்டுக்கொண்டு சொன்னோம். பதிலித் திட்டத்தை நிறுத்திவிடலாம் என்றார் பத்ரி. நஸ்ரினின் டியை அங்கேயே அழித்து பி போட்டார். நான் படியில் இறங்கி வந்த வேகத்தில் செருப்பு அறுந்தது. அன்று சாயங்காலம் சாலையோரக் கடையில் நாலு பேரும் நின்று பஜ்ஜி தின்றோம். கோமதிநாயகம் சாரைப் பார்த்து, "சொன்னா ஒட்டிடுவாங்கன்னீங்களே சார், என்ன ஒட்டினாங்க?" என்று கேலி செய்தேன். அவர் சட்னியைத் தொட்டுக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து மெயில் வந்தது. டீம் தலைவர்களுக்கு மட்டும் வந்த மெயில் அது. இனிப்புத் தடவின பாஷையில் இருந்தது. சமீபத்திய ஆய்வில் நம் பிரிவில் இதுவரை அறியப்படாத உபரி நேரம் இருப்பது தெரியவந்துள்ளது. பல டீம்கள் ஓர் ஆள் குறைவாக இருந்தபோதும் வேலையில் எந்தக் குறையும் இல்லாமல் நடத்திக் காட்டியிருக்கின்றன, பாராட்டுகள். எனவே டீமுக்கு ஓர் இடம் குறைக்கப்படுகிறது. அதிக உபரி நேரம் உள்ள ஊழியர் விடுவிக்கப்படுவார். கீழே பெயர். ஜெயசீலன் செல்லத்துரை.

பத்ரியின் அறைக்குப் போய்க் கதவைத் தட்டாமல் திறந்தேன்.

"இது என்ன பத்ரி?"

"உக்காருங்க திலகா. நான் செஞ்சது இல்ல, மேலேருந்து வந்தது."

"உதவி செஞ்சவனை வெளியே போகச் சொல்றீங்களே."

"தன் வேலையையும் முடிச்சிட்டு இன்னொருத்தர் வேலையையும் ஒருத்தனால செய்ய முடியுதுன்னா, அவனோட வேலை அரை ஆள் வேலைதான்னு அர்த்தம். கணக்கு அப்படித்தான் பாக்கும்."

"அவன் தூங்கல பத்ரி! நிச்சயதார்த்தத்துக்குப் போயிட்டு பஸ்ஸ விட்டு இறங்கி நேரா இங்க வந்தான். அது உங்க கணக்குல எங்க இருக்கு?"

"லாக்ல தூக்கம் வராது திலகா."

அவர் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. அவர் கண்ணிலும் சோர்வுதான் இருந்தது. அதுவே எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. மேஜையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன்.

"அப்ப என் பேரைப் போடுங்க. நான் போறேன்."

"உங்களுக்கு உபரி நேரமே இல்லையே. பதிலி வேலையில நீங்க கம்மியாத்தான் செஞ்சிருக்கீங்க."

கதவு வரை போனேன். திரும்பி நின்று கேட்டேன்.

"நான் அன்னிக்குப் பேசாம இருந்திருந்தா?"

"நஸ்ரினுக்கு டி. இன்னும் ஒண்ணு ரெண்டு டி. அதோட முடிஞ்சிருக்கும். எல்லா டீம்லயும் உபரி இருக்குன்னு யாருக்குமே தெரியாதே." கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். "நீங்க சொன்னப்புறம்தான் தெரிஞ்சுது."

ஜெயசீலனைக் கீழே வண்டி நிறுத்துமிடத்துக்கு வரச் சொன்னேன். மாடியில் வைத்துச் சொல்ல தைரியமில்லை. மெயிலைக் காட்டினேன். ஒன்றுக்கு இரண்டு தடவை படித்தான்.

"என்னாலதான்டா" என்றேன். "உன் பேரை நான்தான் சொன்னேன். பெருமையா சொன்னேன். முழுப் பேரையும் சொன்னேன்."

அவன் யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஒரு தூணில் சாய்ந்து நின்றான்.

"பொண்ணு வீட்ல மெட்ராஸ்ல வேலைன்னுதான்கா சரின்னாங்க" என்றான். பிறகு, "அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? நஸ்ரின் அக்காகிட்ட இதைச் சொல்லாதீங்க" என்றான்.

"எதை?"

"ஏன் என்னை அனுப்புறாங்கன்னு. இப்பதான் கொஞ்சம் ஒழுங்கா சாப்பிடுறாங்க. தெரிஞ்சா, தன்னாலன்னு நினைச்சு அவங்களே பேப்பர் போட்டுட்டுப் போயிடுவாங்க. பெங்களூர்ல வேலை கிடைச்சிருக்குன்னு சொல்லிக்கிறேன். நீங்களும் அப்படியே சொல்லிடுங்க."

"பெங்களூர்ல கிடைச்சிருக்கா?"

"இல்லக்கா."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை. அவன் என்னிடம் கேட்டது அந்த ஒன்றுதான். தலையை ஆட்டினேன்.

கடைசி நாள் மதியம் கேன்டீனிலிருந்து கேக் வாங்கி வந்தாள் நஸ்ரின். எங்கள் மேஜைக்குப் பக்கத்தில் வைத்து, அக்கம் பக்கத்து டீம்களையும் கூப்பிட்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் முகம் பளிச்சென்று இருந்தது. காலைச் செய்தி வருவது நின்றுபோயிருந்தது, பிள்ளையும் இரவில் தூங்க ஆரம்பித்திருந்தது. கோமதிநாயகம் சாருக்கு நான் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்ற விதத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

"பெங்களூர்க்காரரே, வாயைத் திறங்க" என்று ஜெயசீலனுக்கு ஒரு துண்டு ஊட்டினாள். "அங்க சம்பளம் எல்லாம் நல்லா குடுக்குறாங்களா?"

"ம், நல்லா குடுக்குறாங்கக்கா."

"கல்யாணத்துக்கு லீவு குடுப்பாங்களா?"

"கேட்டிருக்கேன். நிறைய குடுப்பாங்க."

சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். நான் தண்ணீர் குடித்தேன்.

"நீ ஒண்ணும் கவலைப்படாம போ" என்றாள் நஸ்ரின். "ஆறு மாசம் என் டிக்கெட்டை எல்லாம் நீதானே பாத்தே. உன் டிக்கெட்டு ஒண்ணுகூட தேங்காது. புது ஆளு வர்ற வரைக்கும் நான் பாத்துக்குறேன். கோமதி சார், நீங்களும் நானும் பாதிப் பாதி. என்ன? கொஞ்சம் சீக்கிரம் வந்து, கொஞ்சம் லேட்டா போனா முடிச்சிடலாம்."

"தொடாதே!" என்று கத்தினேன்.

ஆறாவது மாடி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எனக்கே என் குரல் அந்நியமாக இருந்தது. ஆனால் நிறுத்த முடியவில்லை.

"அவன் டிக்கெட்டு ஒண்ணைக்கூட யாரும் தொடக் கூடாது. தேங்கட்டும். படகு நிக்கட்டும், நார்வேக்காரன் பனியில நிக்கட்டும். இனிமே இந்த டீம்ல ஒருத்தர் வேலையை இன்னொருத்தர் பாக்கக் கூடாது. காய்ச்சல்னாலும் சரி, சாவுன்னாலும் சரி. யாரும் யாருக்கும் உதவி செய்யக் கூடாது. இது ஆர்டர்."

நஸ்ரின் கேக் வெட்டிய கத்தியை மேஜையில் வைத்தாள். முகத்தில் இருந்த வெளிச்சம் போய்விட்டது.

"நீங்களாக்கா இப்படிப் பேசுறீங்க?"

ஏன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவளுக்குப் புரிந்துவிடும். வாயைத் திறந்தேன். அவள் தோளுக்குப் பின்னாலிருந்து ஜெயசீலன் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று லேசாகத் தலையை அசைத்தான்.

"ஆமா, நான்தான்" என்றேன்.

என் இடத்துக்குப் போய் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத்து எதுவும் தெரியவில்லை. பக்கத்து டீம்காரர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். பின்னால் நஸ்ரின் தணிந்த குரலில் அவனிடம் சொல்வது கேட்டது.

"தலைவியா இருந்தா எல்லாரும் ஒரு நாள் இப்படித்தான் மாறிடுவாங்க போல. நல்ல வேளை, நீயாவது தப்பிச்சே."

"ஆமாக்கா" என்றான் ஜெயசீலன். "கேக் இன்னும் ஒரு துண்டு இருக்கா?"